தயிரும் உடல் எடையும்



கல்லூரி விடுதி ஒன்றின் உணவுக் கூடத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். ஒரே மேசையில் இருவர் அமர்ந்து உண்கின்றனர். தயிர் வரும்போது ஒருவர் இலையின்மேல் கையை நீட்டித் தடுக்கிறார்; “வேண்டா, தயிர் உடம்பைப் பெருக்கும்” என்கிறார். மற்றவரோ சோற்றையும் குழம்பையும் பொரியலையும் ஒதுக்கிவிட்டு, ஒரு கிண்ணம் தயிரை மட்டும் உண்டு எழுகிறார். தயிர் உடம்பை இளைக்கச் செய்யும் என்பது அவருடைய நம்பிக்கை. இருவர் நோக்கமும் ஒன்றே. இருவரும் எடை குறைய விரும்புகிறவர்கள். ஒரே பொருள் உடம்பைப் பெருக்கவும் செய்யுமோ, இளைக்கவும் செய்யுமோ? இவ்விருவரில் யார் கூற்று உண்மை? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

முதலில் தயிர் என்பது யாது எனக் காண்போம். காய்ச்சி ஆற்றிய பாலில் சிறிது உறைமோர் இடுகிறோம். அதில் வாழும் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதியை உண்டு, புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. அப்புளிப்பால் பாலின் புரதம் திரண்டு உறைகிறது. பால் அருந்தினால் வயிறு உப்பி வருந்தும் சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் குறைக்கின்றனவே தவிர, கொழுப்பைக் குறைப்பதில்லை. பாலில் இருந்த கொழுப்பு அவ்வளவும் தயிரில் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வல்லது நம் வீட்டு மத்து. கடைந்து வெண்ணெயை எடுத்தபின் எஞ்சும் மோரே கொழுப்பு நீங்கியது.

இனி அளவுகளைப் பார்ப்போம். பசும்பால் தயிர் 100 கிராமில் ஏறத்தாழ 60 கலோரி ஆற்றலும், 3 கிராம் புரதமும், 4 கிராம் கொழுப்பும் உள்ளன. எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி. 100 கிராமுக்கு ஏறத்தாழ 6 அல்லது 7 கிராம். ஆகவே எருமைத் தயிரின் ஆற்றலும் பசுந்தயிரின் ஆற்றலைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படும். கடைந்து நீர் பெருக்கிய மோரிலோ 100 கிராமுக்கு 15 கலோரி அளவே உண்டு. ‘தயிர்’ என்று ஒரே பெயரால் சுட்டினாலும், பொருள் ஒன்றன்று என்பது இதனால் விளங்கும்.

உடல் எடையின் கணக்கு வரவு செலவுக் கணக்கைப் போன்றது. உணவால் வரும் ஆற்றல், உழைப்பாலும் உயிர்வாழ்வாலும் செலவாகும் ஆற்றலினும் மிகுமானால், மிச்சம் கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரியின் சேமிப்பாகும். இக்கணக்கில் எந்த ஓர் உணவுக்கும் தனிச் சலுகை இல்லை; தயிருக்கும் இல்லை.

இப்போது தயிரைத் தடுத்த மாணவரிடம் வருவோம். அவர் தயிர்ச்சோற்றின் பழியைத் தயிரின்மேல் ஏற்றுகிறார். 100 கிராம் அரிசியைச் சோறாக்கினால் அதில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. அதனுடன் கலக்கும் 100 கிராம் பசுந்தயிரின் பங்கு 60 மட்டுமே. கூடவே பொரித்த அப்பளங்கள் இரண்டும் வந்து சேர்கின்றன. பெருக்கியது எது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். சோற்றையும் அப்பளத்தையும் வைத்துக்கொண்டு தயிரை மட்டும் ஒதுக்கியவர் எதை இழக்கிறார்? 150 கிராம் கொள்ளும் ஒரு கிண்ணம் தயிரில் 200 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டுவது ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். எலும்பு தன் முழு வலிமையை எய்துவது இருபது வயதிலிருந்து முப்பது வயதுக்குள். இளமையில் சேர்த்து வைத்த அந்த முதலைத்தான் முதுமையில் செலவழிக்கிறோம். அம்முதலைச் சேர்க்கும் பருவத்தில் தயிரை வெறுப்பது, விதைக்கும் பருவத்தில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைப்பதை ஒக்கும்.

அடுத்து, தயிரை மருந்தெனக் கருதிய மாணவர். இவருடைய நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. பாரிசு நகரப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மெச்னிகாப் என்ற பேரறிஞர், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். புளித்த பால் ஆயுளை நீட்டிக்கும் என்று அவர் கருதினார். தாமும் அதை நாள்தோறும் அருந்தி வந்தார். 1916இல், தம் 71ஆம் வயதில் மறைந்தார். அக்காலத்துக்கு அது நல்ல வயதே. எனினும் உலகம் எதிர்பார்த்த நூறாண்டு அன்று. பெரியோர் சொல்லாயினும் சோதனையில் தேற வேண்டும் என்பதே அறிவியலின் நெறி.

எடை பற்றிய சோதனைகள் என்ன சொல்லுகின்றன? 2005இல் அமெரிக்காவில் 34 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வு ஒன்றில், உணவைக் குறைத்துத் தயிரும் உண்டவர்கள், உணவை மட்டும் குறைத்தவர்களைவிடச் சிறிது கூடுதலாக எடை இழந்தனர். ஆனால் அவ்வாய்வுக்குப் பொருளுதவி புரிந்தது தயிர் விற்கும் ஒரு நிறுவனம். பால் பொருள்கள் இளைக்கச் செய்யும் என்று அந்நாட்டில் எழுந்த விளம்பரங்கள் போதிய சான்றின்மையால் 2007இல் நிறுத்தப்பட்டன. பின்னர்ப் பல சோதனைகளை ஒன்று சேர்த்து நோக்கியபோது, மொத்த உணவைக் குறைக்காமல் பால் பொருள்களை வெறுமனே கூட்டியவர்களுக்கு எடை குறையவில்லை என்பது தெரிந்தது.

2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மிகப் பெரியது. 1,20,877 பேரின் உணவும் எடையும் பல்லாண்டுகள் குறித்து வைக்கப்பட்டன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டபோது, நாள்தோறும் ஒரு கிண்ணம் தயிரைக் கூடுதலாக உண்ணத் தொடங்கியவர்களின் எடை, மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 370 கிராம் குறைவாக ஏறியிருந்தது. உருளைக்கிழங்கு வறுவலைக் கூட்டியவர்களின் எடையோ 770 கிராம் அளவுக்கு மேலும் ஏறியிருந்தது. தயிரால் கண்ட வேறுபாடு ஆண்டுக்கு நூறு கிராமுக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். அதுவும் தயிரின் செயல்தானா, தயிர் உண்போரின் பிற நல்ல பழக்கங்களின் விளைவா என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட்டுக் கூற இயலாது.

அப்படியானால் எடை குறைக்கும் உணவில் தயிருக்கு இடம் உண்டா? உண்டு. ஆனால் அது மற்றொன்றின் இடத்தில் அமர வேண்டும். மாலையில் 300 மில்லிலிட்டர் இனிப்புப் பானம் ஒன்றை வாங்கி அருந்துகிறீர்கள். அதில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரையும் 120 கலோரியும் இருக்கக் கூடும். அதற்கு மாறாக 50 கிராம் தயிரைக் கடைந்து, நீர் பெருக்கி, கறிவேப்பிலையும் இஞ்சியும் இட்டு அருந்தினால் 30 கலோரியே ஆகும். தாகமும் தணிகிறது, 90 கலோரியும் மிச்சமாகிறது. மோரை நீர் பெருக்கி அருந்துக என்பது நம் சித்த மருத்துவ மரபு சொல்லிவந்த அறிவுரையுமாகும். ஆனால் வழக்கமாக உண்பவை எல்லாவற்றையும் உண்டு, அதற்குமேல் ஒரு கிண்ணம் தயிரையும் சேர்த்தால், வரவில் 90 கலோரி கூடுமே ஒழியக் குறையாது. அத்தயிரில் மூன்று கரண்டி சர்க்கரை இட்டால் இன்னும் 60 கலோரி ஏறுகிறது. கடையில் அழகிய கிண்ணங்களில் விற்கும் பழச்சுவைத் தயிரை வாங்கும்போது, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று மேலுறையில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இறுதியாக ஒன்று. எடை குறைய விரும்பும் எல்லோரும் குறைய வேண்டியவர்கள்தாமா? 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை உடையவர்கள். அது கவலைக்குரியதே. ஆனால் அதே கணக்கெடுப்பில், நூற்றுக்கு 12 பேருக்கு மேற்பட்டோர் இருக்க வேண்டிய எடையும் இல்லாதவர்கள். கண்ணாடியைப் பார்த்தோ, தோழர் சொன்ன கேலியைக் கேட்டோ, தயிர் ஒன்றையே உண்டு நாளைக் கழிக்கும் இளைஞர் இந்த இரண்டாம் கூட்டத்தில் இருந்துவிட்டால் என்னாகும்? தயிரில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நார்ச்சத்து அறவே இல்லை. கீரையும் பருப்பும் காயும் நீங்கிய இலையில் தயிர் மட்டும் நின்றால், சில வாரங்களில் சோர்வும் மயக்கமும் வந்து சேரும். குறையும் எடையிலும் ஒரு பங்கு கொழுப்பாக இராது, தசையாகவே இருக்கும். ஆகவே முதலில் மருத்துவரிடம் எடையையும் உயரத்தையும் காட்டிக் கேளுங்கள். குறைக்க வேண்டியது உண்மையானால் சோற்றின் அளவைச் சிறிது குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டி, நாள்தோறும் நடந்து, மெல்லக் குறையுங்கள்.

மீண்டும் அவ்விடுதியின் மேசைக்கு வருவோம். கையை நீட்டித் தடுத்த நண்பர் ஒரு கரண்டித் தயிரை அஞ்சாமல் வாங்கிக்கொள்ளட்டும். அப்பளத்தில் ஒன்றை விட்டுவிடட்டும். தயிரை மட்டும் உண்டு எழுந்த நண்பர் மீண்டும் அமர்ந்து, கொஞ்சம் சோறும் நிறையக் கீரையும் இட்டுக்கொள்ளட்டும். தயிர் இருவருக்கும் பகையன்று, இருவருக்கும் மருந்துமன்று. நல்ல உணவுகளுள் அதுவும் ஒன்று. அதை அளவறிந்து, இடமறிந்து உண்டு, உடல் நலத்தோடு கல்வியில் சிறந்து விளங்குவீர்களாக.