வந்தியத்தேவனுக்கு யார் முகம்?



பொன்னியின் செல்வனைப் படக்கதையாகப் போட்டால் முதல் தகராறு எங்கே வரும் என்று நினைக்கிறீர்கள்? கதையில் வராது. கல்கி எழுதியதில் இரண்டு அத்தியாயத்தை வெட்டினால்கூடப் பலர் பொறுத்துக்கொள்வார்கள். வந்தியத்தேவனின் முகத்தில்தான் வரும். மூக்கு நீளம், மீசை போதாது, கண்ணில் குறும்பைக் காணோம், இவன் வாணர் குலத்து வீரனா அல்லது பற்பசை விளம்பரத்துக்கு வந்தவனா என்று கேட்பார்கள்.

நிலா காமிக்ஸ் இந்த நாவலைச் சிறு சிறு தொகுதிகளாகப் படக்கதையாக்கியபோது இங்கே மஸ்கட்டின் ரூவியிலும் அந்தத் தகராறைக் கேட்டேன். ஊருக்குப் போய்வந்த ஒருவர் முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்த பிரதி அது. ஹம்ரியாவில் ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, கைமாறிக்கொண்டிருந்தது. அங்கிருந்த பெரியவர், "மணியம் போட்ட படத்தைப் பார்த்தவன் இதைப் பார்க்கமாட்டான்" என்று முதல் பக்கத்திலேயே மூடிவிட்டார். முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு வேறு குறை: நடிகர் கார்த்தி மாதிரி இல்லையாம். அந்த வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு, தரையில் குப்புறப் படுத்துக் கடைசிப் பக்கம்வரை போய்விட்டு, "அடுத்த புக் எங்க அங்கிள்?" என்றான். மூவரில் அதைப் படக்கதையாகப் படித்தவன் அவன் ஒருவன்தான் என்பது என் கட்சி.

பெரியவரைக் குறை சொல்லவில்லை. அவர் பக்கத்தில் ஒரு வரலாறே இருக்கிறது. 1950 அக்டோபர் கடைசியில் கல்கி வார இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. 1954 வரை ஓடியது. அத்தனை வாரமும் மணியத்தின் ஓவியத்தோடுதான் அது வீட்டுக்கு வந்தது. பத்திரிகை கையில் கிடைத்ததும் முதலில் படத்தைப் பார்ப்பது, பிறகு எழுத்துக்கு வருவது. இப்படித்தான் வாசித்தார்கள். தொடர் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த பைண்டு புத்தகத்தில் வளர்ந்தவர்களுக்கு இளவரசி குந்தவையின் கொண்டை எவ்வளவு உயரம் என்பது கேள்வியே இல்லை. மணியம் போட்ட உயரம். கல்கி இந்த நாவலுக்காக இலங்கைக்குப் போனபோது மணியத்தையும் கூட அழைத்துப்போனார் என்றால், படம் அவருக்கு வெறும் பக்க நிரப்பு அல்ல என்பது விளங்கும்.

கல்கி இதழே இந்தத் தொடரை மறுபடி மறுபடி வெளியிட்டது. ஓவியர்கள் மாறினார்கள். வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். எந்த வயதில் எந்தச் சுற்றில் படித்தோமோ அந்த ஓவியரின் வந்தியத்தேவன் நமக்கு உண்மையான வந்தியத்தேவன். 2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னத்தின் திரைப்படம் வந்த பிறகு கார்த்தி அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான். இனி வரைய உட்காருகிற ஓவியர் கல்கியோடு மட்டும் போட்டி போடவில்லை, தனக்கு முன்னால் வந்த இத்தனை முகங்களோடும் போடுகிறார்.

இதே கதைதான் வேதாளத்துக்கும். சிறுவர் இதழான அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வாளுடன், சுடுகாட்டு இருட்டில் நடந்து வரும் அந்தத் தலைப்புப் படம் நினைவிருக்கிறதல்லவா? வரைந்தவர் சங்கர். 2020இல்தான் காலமானார். மணியமும் அவரும் 1924இல் பிறந்தவர்கள் என்பது தற்செயல். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளின் கண்ணுக்குள் ராஜா, ராணி, பூதம் எல்லாம் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் இந்த இருவர்தான் தீர்மானித்தார்கள். பழைய இருபத்தைந்து வேதாளக் கதைகள் தீர்ந்தபின் அம்புலிமாமா வேறு கதைகளைக் கொண்டுவந்து அதே சட்டத்துக்குள் பொருத்திக்கொண்டே போனது. கதைகள் மாறின, யாரும் சண்டைக்கு வரவில்லை. படத்தை மாற்றியிருந்தால் வந்திருப்பார்கள்.

ஆக, ரசிகர்கள் கொதிப்பது பெரும்பாலும் கதைக்காக இல்லை, தங்களுக்கு முதலில் வாய்த்த ஓவியத்துக்காக. இதைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வருகிறது: அப்படியானால் புதிய படக்கதைக்காரர் மணியத்தைப் போலவே வரைந்துவிட்டால் போதாதா?

போதாது. கெட்டுப்போகும். பத்திரிகை ஓவியர் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த ஒரு கணத்தில் நகை, மடிப்பு, புருவ வளைவு எல்லாவற்றையும் கொட்டலாம். படக்கதை ஓவியருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே முகத்தை அவர் பக்கவாட்டில், கீழிருந்து, ஓடும்போது, சாப்பிடும்போது, அடி வாங்கும்போது என்று நூறு கட்டங்களில் வரையவேண்டும். எல்லாவற்றிலும் அது அவன்தான் என்று தெரியவேண்டும். அதனால் கோடுகள் குறையும், முகம் எளிமையாகும். நகாசு வேலை போதவில்லை என்று நாம் குறைப்படுவது பல நேரங்களில் அந்தத் தொழிலின் கட்டாயத்தைப் பார்த்துத்தான். மணியம் பாணியில் அசையாமல் நிற்கும் அழகிய உருவங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கினால் கிடைப்பது கொலு; கதை நகராது.

படக்கதையின் உயிர் கட்டத்துக்குள் இல்லை, இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியில் இருக்கிறது. ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடம்பூர் மாளிகை. நள்ளிரவு. சிற்றரசர்கள் கூடியிருக்கிறார்கள். பெரிய பழுவேட்டரையர் பேசுகிறார். வந்தியத்தேவன் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு மூடுபல்லக்கு இருக்கிறது. உள்ளே இருப்பது பழுவேட்டரையரின் இளையராணி என்பது எல்லோருடைய நினைப்பும். அத்தியாயத்துக்குக் கல்கி வைத்த பெயரே ‘பல்லக்கில் யார்?’ திரை விலகுகிறது, வெளியே வருபவன் இளவரசன் மதுராந்தகன்.

எழுத்தில் கல்கி இதை வாக்கியத்தை இழுத்துப் பிடித்துச் சாதிக்கிறார். படத்தில் எப்படிச் சாதிப்பது? இங்கேதான் பக்கம் புரட்டுவது என்ற சின்ன விஷயம் பெரிய விஷயமாகிறது. திரையைத் தொடும் கை வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வரவேண்டும். மதுராந்தகனின் முகம் அடுத்த தாளைப் புரட்டியபின்தான் கண்ணில் படவேண்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் வந்துவிட்டால் போச்சு. கல்கி கட்டிய ரகசியத்தை நம் கண் ஒரே பார்வையில் மேய்ந்துவிடும். முகம் மணியத்தின் முகமா, வினுவின் முகமா என்பதைவிட இந்தப் பக்கக் கணக்குதான் முக்கியம் என்று நான் சொல்வேன். ஆனால் எந்த ரசிகரும் இதைப் பற்றிப் புகார் சொல்லி நான் கேட்டதில்லை. சரியாக அமைந்தால் பாராட்டுவதும் இல்லை.

ரசிகர்களின் ஒரு புகார் மட்டும் நூற்றுக்கு நூறு நியாயம். "எல்லாரும் இருக்காங்க, கல்கியைத்தான் காணோம்" என்றார் ஒரு நண்பர். உண்மை. பொன்னியின் செல்வனில் மிகப் பெரிய பாத்திரம் கதை சொல்லும் கல்கிதான். நம்மைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போகிறார், நடுவே கேலி பண்ணுகிறார், ‘அது கிடக்கட்டும், இங்கே வாருங்கள்’ என்று வேறு திசைக்குத் திருப்புகிறார். ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கத்தில், ஏரியின் எழுபத்துநான்கு கணவாய்களையும் புதுவெள்ளத்தையும் மக்கள் கூட்டத்தையும் நாம் பார்ப்பது அந்தக் குரல் வழியாக. படக்கதையில் ஏரி அரைப் பக்கப் படமாகிவிடும், அழகாகவும் இருக்கும், குரல் போய்விடும். குரலைக் காப்பாற்ற நினைத்துக் கட்டத்துக்குக் கட்டம் மேலே பத்திப் பத்தியாக எழுத்தைத் திணித்தால், படம் எழுத்துக்குக் கீழே மூச்சுத் திணறும். இதற்குச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆழ்வார்க்கடியான் நம்பி போல வாயாடும் பாத்திரங்களிடம் கல்கியின் கிண்டலில் ஒரு பங்கை ஒப்படைக்கலாம். அவர் போடும் சைவ, வைணவச் சண்டை அதற்குக் கிடைத்த வரம்.

ஓவியத்தோடு வளர்ந்த ரசிகர்கள் ஒரு வகை. படக்கதையோடு வளர்ந்தவர்கள் இன்னொரு வகை. அவர்கள் குணமே வேறு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியுடன் வந்தது. 1984இல் விஜயனின் லயன் காமிக்ஸ். அதே ஆண்டில் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005 வரை ஓடியது. நடுவில் தடுமாறிய லயன் 2012இல் மறுபடி எழுந்து நின்றது. இப்போது ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் இந்த வாசகர்கள் ஆசிரியரைச் சந்திக்கக் கூடுகிறார்கள். நரைத்த தலைகள்தான் அதிகம். இவர்கள் முகத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். அச்சில் மை பிசகியது, தாள் மெலிந்துவிட்டது, பலூனுக்குள் எழுத்து நெருக்கமாக இருக்கிறது, கவ்பாய் டெக்ஸ் வில்லர் இப்படித் தூய தமிழில் பேசலாமா என்றெல்லாம் பேசுவார்கள். கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் பயனுள்ள எரிச்சல்.

அவர்களும் முதல் காதலை விடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். லயனின் மொழிபெயர்ப்புப் படக்கதையான ‘இரத்தப்படலம்’ 2010இல் எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. பிற்பாடு முழு வண்ணத்தில் வந்தது. மூல ஓவியம் வண்ணத்தில் வரையப்பட்டது. வண்ணப் பதிப்புதான் ஓவியர் நினைத்ததற்கு நெருக்கம். இருந்தும், கறுப்பு வெள்ளையில்தான் அந்தக் கதைக்கு மிரட்டல் இருந்தது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன செய்வது!

இனி நம் ஊர் சங்கதிக்கு வருகிறேன். ரூவியிலிருந்து வாதி கபீர் வழியாக மலைச்சாலை ஏறி இறங்கினால் அல் புஸ்தான் ரவுண்டானா. அதன் நடுவே ஒரு மரக்கப்பல் நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயர் சோஹார். சிந்துபாத் பிறந்த ஊர் என்று ஓமானியர்கள் சொல்லிக்கொள்ளும் ஊரின் பெயர். டிம் செவரின் என்ற பிரிட்டிஷ்காரர் சூர் துறைமுகத்தில் அதைக் கட்டவைத்து, 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி, 1981 ஜூலையில் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தார். கப்பலில் பலகையோடு பலகையைச் சேர்க்க ஆணி இல்லை. மலபார்க் கரையிலிருந்து வந்த அயனி மரப் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். தைத்தவர்களில் லட்சத்தீவு ஆட்களும் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் பலகை இணைப்பு நெடுகக் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும்.

இப்போது குழந்தைகளுக்கு விற்கிற சிந்துபாத் படக்கதை எதையாவது எடுத்துப் பாருங்கள். பல புத்தகங்களில் சிந்துபாத் ஏறுவது கொலம்பஸ் கப்பல் மாதிரி இருக்கும். சதுரப் பாய், உயர்ந்த பின்மாடம், பீரங்கி வைக்க ஓட்டை மட்டும் பாக்கி. பெரும் பறவை, தீவு என்று நினைத்து ஏறிய திமிங்கிலம், இவை எல்லாம் கற்பனை. எப்படி வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் அந்த அதிசயங்களை நம்பவைப்பது கப்பலின் கயிறும் பாயும்தான். அவை நிஜமாக இருந்தால் பறவையும் நிஜமாகும். மாயக்கதை வரைபவருக்கு நிஜப் பொருள்கள்மேல் மற்றவர்களைவிடக் கூடுதல் அக்கறை வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

ரசிகர்களின் புகார்களில் எதைக் காதில் வாங்குவது, எதை விடுவது என்று ஓவியர்கள் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மூக்கைப் பற்றிய புகாரை விட்டுவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு உங்கள் மூக்குதான் அசல் மூக்கு ஆகப்போகிறது. கயிற்றைப் பற்றிச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தவர் ஒருவர் இங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். பொன்னியின் செல்வனில் வரும் பூங்குழலி படகு செலுத்துவதாக வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் வரைந்த படங்களைக் கைப்பேசியில் அவரிடம் காட்டினேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு படத்தைப் பெரிதாக்கித் துடுப்பைப் பார்த்தார். "ஒத்தத் துடுப்ப ஒரே பக்கமா வலிச்சா படகு கோடிக்கரையில கிடந்து வட்டம்தான் அடிக்கும், இலங்கைக்கு எங்க போறது?" என்றார். பிறகு துடுப்பை எங்கே பிடிக்கவேண்டும், அலை எதிரே வரும்போது உடம்பு எப்படிச் சாயும் என்று பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டியின்மேல் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தே காட்டிவிட்டார். பூங்குழலிக்குத் தலை மட்டும் போடவில்லை.

இதைப் பதிப்பகத்துக்கு எழுதுங்கள் அண்ணே என்றேன். எழுத வராது என்றார். கடிதத்தை நான் எழுதுகிறேன், படத்தை நீங்கள் போடுங்கள் என்று பேசி வைத்திருக்கிறோம்.