குழாய் அடைத்தால் ஆளை இறக்க வேண்டாம்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று நாம் பேசப்போவது கழிவறைக் குழாயைப் பற்றி. இந்தச் சபையில் இது என்ன பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சுத்தத்தை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். முள் காலைத்தான் குத்தும். இது உயிரையே எடுக்கும்.

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை. நம் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் ஒரு மூதாட்டி கழிவறைக்குப் போனவர் மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். அதே பகுதியில் 15 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியும் விழுந்தாள். மூவரும் இறந்துபோனார்கள். பாதாளச் சாக்கடையில் சேர்ந்த விஷவாயு, வீட்டுக் கழிவறை வழியாக உள்ளே வந்திருந்தது. அவர்கள் யாரும் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் அல்லர். தங்கள் வீட்டுக் கழிவறைக்குள் போனவர்கள்.

கழிவு தேங்கி, காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. ஆகவே, “வாடை நின்றுவிட்டது, ஆபத்தில்லை” என்று நினைப்பது பெரிய தவறு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் தொட்டியின் அடியில் படிந்து நிற்கும்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். அதே வாயு அங்கேயும் உண்டு. கழிவறைக் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதே, அந்தத் தண்ணீர்தான் வாயுவைத் தடுக்கும் கதவு. வளைவு இல்லாமல் குழாய் பதித்திருந்தாலும், பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றிப்போனாலும் கதவு திறந்துவிட்டது என்று பொருள். டேங்க்கின் காற்றுக் குழாயையும் சிலர் வாடைக்குப் பயந்து அடைத்து விடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன் இந்த மண்டபத்தின் குழாய் அடைத்தபோது, ஒரு தொழிலாளியை இடுப்பில் கயிறு கட்டி டேங்க்குக்குள் இறக்கினோம். வேலை முடிந்ததும் சோப்பு வாங்கிக் கொடுத்தோம், கைலி கொடுத்தோம், கூலியும் கூட்டிக் கொடுத்தோம். நல்லது செய்தோம் என்றுகூட நினைத்துக்கொண்டோம். அவர் உயிரோடு மேலே வந்தது அல்லாஹ்வின் கருணை. மயங்கியிருந்தால் நம்மில் ஒருவர் தூக்க இறங்கியிருப்பார். அவரும் போயிருப்பார். அந்தத் தவறுக்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. பாதுகாப்புக் கருவி எதுவும் தராமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்கி வேலை வாங்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20இல் தீர்ப்பளித்தது.

அப்படியானால் அடைப்பை எப்படி எடுப்பது? அழுத்தத் தண்ணீர் இயந்திரம் இருக்கிறது. கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்த இயந்திரம் 1,500 பவுண்டு, அதற்கு மேலும் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும். ஹோஸ் முனையில் உள்ள மூக்கில் பின்னோக்கிய சிறு துளைகள் இருக்கும். அவற்றில் பீறிடும் தண்ணீர் ஹோஸைக் குழாய்க்குள் முன்னே தள்ளும், கரைந்த அழுக்கைப் பின்னே வாரிக் கொண்டுவரும். மூங்கில் பத்தையால் குத்தினால் அடைப்பில் ஓட்டை மட்டும்தான் விழும். இது குழாயின் சுவரையே கழுவிவிடும்.

ஆள் வரும்போது சிலவற்றைக் கவனியுங்கள். தாழ்வான சேம்பரிலிருந்து வீட்டை நோக்கி ஹோஸை விடச் சொல்லுங்கள். சேம்பர் மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். கழிவறைக் கோப்பையை மூடி வையுங்கள், தண்ணீர் எதிர்த்து அடிக்கலாம். பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீர் சதையையே கிழிக்கும். பழைய மண் குழாயாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்பார்கள். குழாய் உடைந்திருந்தாலோ வாட்டம் சரியில்லாமல் இருந்தாலோ இயந்திரத்தால் பயனில்லை, தோண்டித்தான் ஆக வேண்டும்.

முதல் நாளே ஆசிட் ஊற்றியிருந்தால் மறைக்காதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். தேங்கிய கழிவில் ஆசிட் ஊற்றினால் முன்பு சொன்ன அந்த விஷவாயுவே கிளம்பும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரியாணி தேக்சா கழுவும் முன் கொழுப்பை வழித்துக் குப்பையில் போடுங்கள். சூடாக ஓடும் எண்ணெய் குழாய்க்குள் ஆறி மெழுகாக உறைகிறது. பேபி டயப்பர், நாப்கின், தலைமுடி எதையும் கோப்பையில் போட வேண்டாம். பக்ரீதுக்கு ஆண்களுக்கும் சொல்கிறோம். குர்பானி இரத்தமும் கொழுப்பும் குழாய்க்குள் போகக் கூடாது, குழி வெட்டிப் புதையுங்கள். டேங்க்கை 2, 3 வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு முடிவு. இயந்திரத்துக்குக் கொடுக்கப் பணமில்லாமல்தான் பலர் குறைந்த கூலிக்கு ஆளை இறக்குகிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இனி சதகா நிதியிலிருந்து வாடகையில் பாதியைக் கொடுக்கிறோம். ஜகாத்தைத் தொடமாட்டோம், அதற்குரியவர்களைக் குர்ஆனே வரையறுத்திருக்கிறது. அண்டைவீட்டு இந்துச் சகோதரர்களும் கேட்கலாம். ஒரே நிபந்தனை, எந்த மனிதரும் உள்ளே இறங்கக் கூடாது.

குழாய் அடைத்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். நம் வீட்டு அழுக்குக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை தகப்பனை இழக்காமல் இருக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.