ஒட்டுப்பலகை: இரண்டு நாடுகள், ஒரே மரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



அம்பத்தூர் எஸ்டேட்டில் பர்னிச்சர் பட்டறை வைத்திருப்பவர்களும், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பிளைவுட் ஏன்ப்பா இந்த விலை விற்கிறது?" அதற்கு இந்தியாவையும் சீனாவையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தத் தொழில் அஸ்ஸாமில் தேயிலைப் பெட்டிகளுக்காக வளர்ந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடு அழிவதை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாடு வழக்குத் தொடுத்தார். அதில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதையே நிறுத்தியது. அங்கே ஆலைகள் பல மூடப்பட்டன. 1998 கோடையில் சீனாவின் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். காட்டை வெட்டியதுதான் காரணமென்று அந்த அரசும் ஆற்றின் மேற்பகுதிக் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது.

இரு நாட்டுக்கும் கைகொடுத்தது பாப்லர் என்ற மரம். ஆறேழு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். வட இந்திய விவசாயிகளிடம் 1980-களில் இந்தக் கன்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் தெரியுமா? நம் திருவொற்றியூர் விம்கோ நகருக்குப் பெயர் தந்த அதே தீப்பெட்டிக் கம்பெனி! தீக்குச்சிக்காக நட்ட மரம், ஹரியானாவின் யமுனாநகரைப் பிளைவுட் நகரமாக்கியது.

அப்புறம் வழி பிரிந்தது. 1990-களில் பிளைவுட்டை இறக்குமதி செய்த சீனா, அடுத்த பத்தாண்டுக்குள் உலகின் முதல் ஏற்றுமதி நாடாயிற்று. லின்யி, பிசோ வட்டாரங்களில் கிராமத்துக்குக் கிராமம் சிறு பட்டறைகள், துறைமுகமும் தூரமில்லை. 2018-இல் அமெரிக்கா கூடுதல் வரி போட்டுத் தடுக்கும் அளவுக்குச் சரக்கு போயிற்று.

இங்கே 2002-க்குப் பிறகு புது மர ஆலைக்கு உரிமம் கிடைப்பது கடினமாயிற்று. அதே காலத்தில் பாப்லர் விலை சரிந்தது; விவசாயி நடுவதைக் குறைத்தார்; சில வருஷத்தில் தட்டுப்பாடு. தயாரானதையும் பெரும்பாலும் நாமே வாங்கிக்கொண்டோம்.

சீனா ஜெயித்தது, நாம் தோற்றோம் என்று முடித்துவிடாதீர்கள். பாப்லர் பலகையின் உள்ளே இருப்பது. மேலே ஒட்டும் மெல்லிய வெனீருக்குச் சீனா காபோன் நாட்டு ஒக்கூமே மரத்தை வாங்கியது. நாம் பர்மா கர்ஜனை வாங்கினோம். காபோன் 2010-லும் பர்மா 2014-லும் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தின. தன் காட்டைக் காத்த இருவரும் அடுத்தவர் காட்டில் கை வைத்தோம் என்பதே உண்மை.

ஆகவே நண்பர்களே, பலகை விலை குறைய வேண்டுமானால் விவசாயிக்கு மரத்தின் விலை நிச்சயமாக வேண்டும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பிளைவுட்டுக்காக மலைவேம்பைப் பரப்பி வருகிறது. பட்டறை வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து, நம் மாவட்ட விவசாயிகளுடன் முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போடுங்கள். நட்டவர் கை நஷ்டப்பட்டால், அடுத்த தடவை நடுவதற்கு ஆள் இருக்காது.