குளத்துக்குக் கரையே காவல்



இன்றைய பேச்சு வீட்டுக் குளத்தைப் பற்றியது. கொல்லைப்புறத்தில் சிறு குளம் வெட்டி, கல்லால் கரை கட்டி, மீன் வளர்ப்பதைப் பற்றியது.

மேற்கு வங்காளத்தில் பாங்குரா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே மண் சிவப்பு. மழைக்காலத்தில் நல்ல மழை பெய்யும். கோடையில் கிணறும் வற்றும். அதனால் மழைநீரைக் குளத்தில் பிடித்து வைப்பது அங்கே பழைய வழக்கம். வங்காளியில் குளத்துக்குப் 'புகுர்' என்று பெயர். புகுரில் மீனும் வளரும். சோறும் மீனும் அவர்களுக்கு அன்றாட உணவு.

அந்த ஊர்ப்பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு மாமியார். ஒரு மருமகள். இரண்டு வயதுப் பேரன். மகன் வெளியூரில் வேலை செய்கிறான். வங்காளத்தில் மருமகளை 'பௌமா' என்று கூப்பிடுவார்கள். மருமகள் மாமியாரை 'மா' என்பாள்.

கொல்லையில் 2 சென்ட் இடம் சும்மா கிடந்தது. மருமகள் ஆள் வைத்துக் குளம் வெட்டினாள். நேராகக் கீழே தோண்டினார்கள். கரை வெறும் மண். ஆனி மாதம் மழை வந்தது. குளம் நிறைந்தது. மீன் குஞ்சு விட்டாள்.

முதலில் கரை சரிந்தது. மண் கரைந்து தண்ணீர் செங்கலங்கலாக ஆனது. அடுத்த பெருமழையில் பக்கத்து வயல் தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்தது. அந்த வயலில் முதல் நாள்தான் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். காலையில் பார்த்தால் மீன்கள் செத்து மிதந்தன.

அது போகட்டும். மூன்றாவதாக நடந்ததுதான் பெரிது. ஒருநாள் மருமகள் அடுப்படியில் இருந்தாள். பேரன் கையில் பொரி வைத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போனான். மீனுக்குப் பொரி போடுவது அவனுக்கு விளையாட்டு. ஈரமண் வழுக்கியது. சத்தமே இல்லை. நல்லவேளை, மாமியார் கொல்லைக்கு வந்தார். பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து எடுத்தார்.

மருமகள் நடுங்கிப்போனாள். "மா, இந்தக் குளமே வேண்டாம். மூடிவிடலாம்" என்றாள்.

மாமியார் சொன்னார்: "பௌமா, நம் ஊரில் குளம் இல்லாத வீடு எது? குளத்தின் மேல் தப்பு இல்லை. நாம் கரை கட்டவில்லை. மீன் போனால் வாங்கலாம். பிள்ளை போனால் எங்கே வாங்குவது? கோடையில் தண்ணீர் வற்றட்டும். ஒழுங்காகக் கரை கட்டுவோம்."

கரைக்கு மூன்று வேலை

அந்த மாமியார் சொன்னது சரி. வீட்டுக் குளத்தில் பலர் ஆழத்தைப் பார்ப்பார்கள். மீனைப் பார்ப்பார்கள். கரையைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கரைக்கு மூன்று வேலை உண்டு.

ஒன்று, மண்ணைச் சரியாமல் பிடிப்பது.
இரண்டு, கெட்ட தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது.
மூன்று, சிறு பிள்ளைகளைக் காப்பது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத்தான் குளம் வெட்ட வேண்டும்.

இடமும் மண்ணும்

அடுக்களையிலிருந்து பார்த்தால் குளம் கண்ணில் படவேண்டும். வெயில் படும் இடமாக இருக்க வேண்டும. பெரிய மரத்தடி கூடாது. இலை விழுந்து அழுகினால் தண்ணீர் கெடும். கழிப்பறைக் குழியும் சாக்கடையும் தள்ளியே இருக்க வேண்டும்.

மண் தண்ணீரைத் தாங்குமா? இதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி உருண்டை பிடியுங்கள். மேலே எறிந்து கையில் பிடியுங்கள். உருண்டை உடையாமல் இருந்தால் களிமண் போதிய அளவு இருக்கிறது. உதிர்ந்துபோனால் அது மணல். அங்கே தண்ணீர் நிற்காது. களிமண் கொண்டுவந்து அடியில் பரப்பி, நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

வெட்டும் முறை

40 அடி நீளம், 22 அடி அகலம் என்றால் ஏறக்குறைய 2 சென்ட். முளை அடித்து, கயிறு கட்டி, அளவு குறித்துக்கொள்ளுங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். அது காய்கறிப் பாத்திக்கு உதவும்.

ஆழம் 5 அடி போதும். நேராக வெட்டக்கூடாது. சரிவாக வெட்ட வேண்டும். 1 அடி கீழே போனால் ஒன்றரை அடி உள்ளே போக வேண்டும். அப்போது கரை சரியாது.

ஒரு பக்கத்தில் மட்டும், தண்ணீர் மட்டத்துக்கு 1 அடி கீழே, 2 அடி அகலத்தில் படி போல மண்ணை விட்டுவிடுங்கள். யாராவது தவறி விழுந்தால் கால் ஊன்றி ஏற அது உதவும்.

கல் அடுக்கும் முறை

பாங்குரா பக்கத்தில் துளை நிறைந்த சிவப்புக் கல் கிடைக்கும். அதைச் செம்புரைக்கல் என்பார்கள். உங்கள் ஊரில் கருங்கல் கிடைக்கலாம். ஆற்றுக் கல் கிடைக்கலாம். எது மலிவோ அதுவே போதும்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கரையைச் சுற்றிச் சிறு பள்ளம் வெட்டுங்கள். பெரிய கற்களை அதில் முதல் வரிசையாக வையுங்கள். கல்லின் பாதி மண்ணுக்குள் புதைய வேண்டும். ஒவ்வொரு கல்லும் குளத்தின் பக்கம் சாயாமல், கரைமண்ணின் பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். இந்த வரிசைதான் அஸ்திவாரம். இது அசைந்தால் மேலே உள்ளதெல்லாம் சரியும்.

அதன்மேல் அடுத்த வரிசை. கல்லும் கல்லும் சேரும் இடத்தின்மேல் அடுத்த கல்லின் நடுப்பகுதி வர வேண்டும். செங்கல் சுவர் கட்டுவது போலத்தான். இடைவெளியில் சிறு கல்லும் களிமண்ணும் வைத்து இறுக்குங்கள்.

சிமெண்ட் தேவையில்லை. சிமெண்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். புதுச் சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கும். அது மீனைக் கொல்லும். தண்ணீர் நிரப்பிச் சில நாள் வைத்து, இறைத்துவிட வேண்டும். இப்படிச் சில முறை செய்த பிறகே மீன் விட வேண்டும்.

தரைக்கு மேலே 1 அடி உயரம் வரம்பு போடுங்கள். கல் வரிசை வரம்பின் உச்சி வரை வரட்டும். வரம்பின் வெளிப்பக்கம் புல் பதியுங்கள். அதற்கும் வெளியே சிறு வாய்க்கால் வெட்டுங்கள். வயல் தண்ணீரும் தெருத் தண்ணீரும் அந்த வாய்க்காலில் விலகி ஓடிவிடும். குளம் நிரம்பி வழிய ஒரு குழாய் வையுங்கள். குழாய் வாயில் வலை கட்டுங்கள். இல்லாவிட்டால் மீனும் சேர்ந்து போய்விடும்.

கால் வைக்கும் இடத்தில் சொரசொரப்பான கல்லைப் போடுங்கள். பாசி படிந்தால் தேய்த்துக் கழுவுங்கள். கல்லோரத்தில் களை வளர விடாதீர்கள். களைக்குள் மீன் நுழைய முடியாது. அங்கே கொசுப் புழு வளரும்.

வேலி

கல் கரை மட்டும் பிள்ளையைக் காக்காது. சுற்றிலும் மூங்கில் வேலி வேண்டும். 4 அடி உயரம் இருக்கட்டும். குறுக்குக் கம்புகளைப் பிள்ளை ஏறும்படி கட்டாதீர்கள். கதவின் தாழ்ப்பாளை மேலே வையுங்கள். சிறு பிள்ளையின் கை அதற்கு எட்டக்கூடாது.

வங்காளத்தின் தெற்கே சுந்தரவனம் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு குளம். வீட்டு மேடைக்கு மண் எடுத்த பள்ளமே குளமாக நிற்கும். அந்தப் பகுதியில் சிறு பிள்ளைகள் நீரில் மூழ்குவது பெரிய துயரமாக இருக்கிறது. பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இது நடக்கிறது. பிள்ளை மூழ்கும்போது கத்தாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். முழங்கால் அளவுத் தண்ணீரே போதும்.

பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? உடனே தூக்கித் தரையில் படுக்க வையுங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுற்றக்கூடாது. வயிற்றை அமுக்கக்கூடாது. அதில் நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லை என்றால் வாயில் வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சின் நடுவில் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். இன்னொருவர் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யட்டும். ஊதுவதையும் அழுத்துவதையும் செவிலியரிடம் கேட்டு முன்னதாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் மீனும்

கரை முடிந்தது. தண்ணீர் வந்தது. இனி மீன்.

முதலில் சுண்ணாம்பு போடுங்கள். 1 சென்டுக்கு 1 கிலோ. ஒரு வாரம் கழித்து மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றுங்கள். 1 சென்டுக்கு 10 கிலோ. சில நாட்களில் தண்ணீர் இளம்பச்சை ஆகும். கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் பெருகியிருக்கின்றன என்று பொருள். அவைதான் மீன் குஞ்சுக்கு உணவு.

பச்சை அதிகமா, குறைவா? கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பச்சை அதிகம். சாணம் போடுவதை நிறுத்துங்கள்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஒரே குளத்தில் ஒற்றுமையாக வளரும். கட்லா மேல்மட்டத்தில் இரை தேடும். ரோகு நடுமட்டத்தில் தேடும். மிர்கால் அடியில் தேடும். ஒன்றின் இரையை மற்றொன்று பறிக்காது. 1 சென்டுக்கு 30 குஞ்சு போதும். 2 சென்டுக்கு 60. கட்லா 24, ரோகு 18, மிர்கால் 18 என்று விடலாம். குஞ்சு விரல் நீளம் இருக்க வேண்டும்.

முன்பு இந்தக் குஞ்சுகளைப் பெரும்பாலும் மழைக்காலத்தில் ஆற்றில் பிடித்தார்கள். வேண்டாத மீன்களும் அதில் கலந்து வரும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அது மாறியது. ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற அறிவியலாளர் ஊசி மருந்து செலுத்தி, இந்தக் கெண்டை மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். இன்று பாங்குரா மாவட்டத்தின் ராம்சாகர் மீன் குஞ்சுக்குப் பெயர் பெற்ற ஊர்.

குஞ்சு வாங்கி வந்ததும் அப்படியே கொட்டாதீர்கள். பையைக் குளத்தில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். குளத்துத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேருங்கள். பிறகு குஞ்சுகள் தாமாக நீந்திப் போகட்டும். காலை அல்லது மாலை நல்ல நேரம்.

தீவனம் எளிது. தவிடும் புண்ணாக்கும் சம அளவு. வங்காளத்தில் கடுகுப் புண்ணாக்கு போடுவார்கள். கடலைப் புண்ணாக்கும் போடலாம். மீன் தின்று மிச்சம் வைத்தால் அளவைக் குறையுங்கள்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடுகின்றனவா? தண்ணீரில் காற்று குறைந்துவிட்டது. அன்று தீவனமும் சாணமும் வேண்டாம். புதுத் தண்ணீர் விடுங்கள். மூங்கில் கழியால் தண்ணீரை அடித்துக் கலக்குங்கள்.

கணக்கு

60 குஞ்சு விட்டால் 60ம் பிழைக்காது. 45 பிழைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொன்றும் அரை கிலோ என்றால் மொத்தம் 22½ கிலோ. கோடையில் தண்ணீர் குறையும். அதற்கு முன்பே பெரிய மீன்களைப் பிடித்துவிடுங்கள்.

மௌரலா போன்ற பொடிமீன் குளத்தில் இருந்தால் விரட்டாதீர்கள். அதைத் தலையோடும் முள்ளோடும் சமைத்துச் சாப்பிடலாம். கண்ணுக்கும் எலும்புக்கும் நல்ல சத்து.

அந்த மருமகள் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு விட்ட தேதி, எண்ணிக்கை, தீவனச் செலவு, பிடித்த மீனின் எடை எல்லாம் அதில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அவள் எழுதியது வேறு. 'தினமும் காலை: வேலி பார்க்க. தாழ்ப்பாள் பார்க்க. கல் அசைகிறதா பார்க்க.'

பேரன் இப்போதும் மீனுக்குப் பொரி போடுகிறான். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போடுகிறான்.

உங்கள் கொல்லையிலும் குளம் இருக்கலாம். இல்லை, இனிமேல் வெட்டலாம். வீட்டுக்குப் போனதும் முதலில் கரையைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.