சுமையும் சரித்திரமும்



இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் இக்கடற்கரையில் கட்டுமரமும், தைத்த படகும், கால்வாய்த் தோணியும், ரயிலும், லாரியும், மெட்ரோவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியிருக்க, இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள் போக்குவரத்தின் சரித்திரத்தை எங்கோ ஒரு தேசத்து நீராவி யந்திரத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள் என்பது என் மனத்தை நெடுங்காலமாக வருத்தி வரும் விஷயம். அந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகள் தங்கள் கைகளாலேயே கட்டியும், இழுத்தும், நிறுத்தும் பயில வேண்டும். பயிலும்போது, சுமந்தவர் யார் என்ற கேள்வியை ஒருகணமும் மறவாதிருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே.

கையால் செய்து கற்பது நமக்குப் புதிய மார்க்கமன்று. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே பாடத்தின் நடுவில் அமர்த்தியது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் அவர்கள், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைத் துணைக்கொண்டு, மாநகராட்சிப் பள்ளிகள் 13-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பாட அட்டைகளோடும், கற்றல் ஏணிப்படிகளோடும், பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த கரும்பலகைகளோடும் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. உபாத்தியாயர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்ததை நான் ஒரு பெரும் நிகழ்ச்சியாகவே மதிக்கிறேன். ஆயினும் கன்னியாகுமரிக்கும் எண்ணூருக்கும் ஒரே அட்டைதான் வந்தது. அட்டையை எடுப்பதும் வைப்பதுமே செயலென்று ஆகிவிட்ட இடங்களில், பள்ளிச் சுவருக்கு அப்பால் இருந்த ஊர் வகுப்புக்குள் வரவேயில்லை.

ஊரை எப்படி உள்ளே கொணர்வது? படகிலிருந்தே தொடங்கலாம். துறைமுகம் தோன்றுவதற்கு முன் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் மூட்டைகளும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தது, மசூலா என்று ஏடுகளில் எழுதப்பட்ட படகுகளில்தான். அப்படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஏன் என்பதை உபாத்தியாயர் சொல்லிவிடக் கூடாது. மெல்லிய பலகைகள் இரண்டை ஆணியால் அறைந்தும், வேறு இரண்டைத் தென்னங்கயிற்றால் தைத்தும் பிள்ளைகளிடம் கொடுத்து, இரு முனைகளையும் பிடித்து முறுக்கச் சொல்லுங்கள். ஆணி அறைந்த பலகை சற்று நேரத்தில் பிளக்கும்; தைத்த பலகை வளைந்து கொடுத்து மீளும். கரையில் மோதும் அலையின் வேகத்தைப் படகு தாங்கிய விதத்தை அப்பிள்ளை பிறகு மறக்கவே மாட்டான். காசிமேட்டில் கயிற்று முடிச்சுகளின் சூட்சுமம் அறிந்த முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஒரு நாளைக்கு அவர்களே உபாத்தியாயர்கள்.

படகு தைத்ததோடு நின்றுவிட்டால் அது வெறும் கைவேலை. அப்படகுகளுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். 1861-ல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. 1875-ல் துறைமுகச் சுவர்களின் வேலை தொடங்கி, 1881-ன் புயலில் சிதைந்து, மீண்டும் எழுந்தது. 1904-க்குப் பின் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அத்துறைமுகத்துக்கு உருக்கொடுத்தார். ஸ்பிரிங்கின் பெயரை நூல்களில் காண்கிறோம். அலையோடு போராடிய படகோட்டிகள் அதன் பிறகு எங்கே போனார்கள், என்ன தொழில் செய்தார்கள்? இராயபுரத்து இராயப்பர் ஆலயத்தை எழுப்பியது அப்படகோட்டிகளின் சமூகமே. அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிவர வேண்டும்.

கால்வாயின் கதை இதைவிடக் கனமானது. 1806-ல் காக்ரேன் எண்ணூர் வரை வெட்டிய வாய்க்கால், பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல், கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. இணைத்தவர்கள் பசித்த ஜனங்கள். 1877-ன் தொடக்கத்தில் பஞ்ச நிவாரண வேலைக்கு ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். எதிர்ப்பு மூண்ட பிறகே அது உயர்த்தப்பட்டது. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். வகுப்பில் தராசை வைத்து அந்த அரிசியைப் பிள்ளைகளே நிறுக்கட்டும். பிறகு பள்ளி மைதானத்தில் ஒரு கன அடி மண்ணை வெட்டி, கூடையில் அள்ளிச் சுமக்கட்டும். நாள் முழுதும் மண் சுமந்தவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் இந்த அரிசி போதுமா என்று அவர்களே கேட்பார்கள். 1920-ல் இதே நகரின் மாநகராட்சிப் பள்ளியில், வடசென்னையில் வாழ்ந்த தியாகராயச் செட்டியார் காலத்தில், மதிய உணவு தொடங்கியதையும் உபாத்தியாயர் அன்றைக்குச் சொன்னால், தங்கள் தட்டிலுள்ள சோற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்று பிள்ளைகள் அறிவார்கள்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1856 ஜூலை 1-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடியது. பத்துச் செங்கல் ஏற்றிய சிறு வண்டியை மணலிலும், பிறகு இரண்டு இரும்புக் கம்பிகளின் மேலும் இழுத்து, வில் தராசு காட்டும் எண்களை ஒப்பிட்டால், தண்டவாளத்தின் மகிமை ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும்.

லாரிக்கு அதிக நேரம் வேண்டும், ஏனெனில் அது இன்றைய சரித்திரம். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில், லாரியேறும் கண்டெய்னர்களுக்கான முனையம் திறந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. மைதானத்தில் ஒரு கண்டெய்னரின் அளவாக, 20 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட கட்டத்தைச் சுண்ணாம்பால் வரைந்து, பிள்ளைகளை உள்ளே நிறுத்துங்கள். அந்தக் கண்டெய்னரில் 20 டன் ஏற்றினால், 50 கிலோ மூட்டைகள் 400. ஒவ்வொரு மூட்டையும் முன்பு ஒருவர் முதுகேறிய சுமை. பாரந்தூக்கி அந்த 400 சுமைகளையும் ஒரே வீச்சில் தூக்கும்போது, முதுகு நோவும் போயிற்று, கூலியும் போயிற்று. இவ்விரண்டில் எதையும் மறைக்காமல் சொல்லும் உபாத்தியாயரே பிள்ளைகளுக்கு நியாயம் செய்தவர்.

பள்ளிகளுக்கு நிதி வழங்கும் இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு நிதியின் ஒரு பகுதியை இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பள்ளிகளுக்குத் தராசும், வில் தராசும், பலகையும், தென்னங்கயிறும் வாங்கக் கொடுங்கள். கயிறு முடியக் கற்பிக்க வரும் முதியவர்களுக்கு, உபாத்தியாயருக்குரிய மரியாதையோடு, ஒரு நாள் சம்பளமும் கொடுங்கள்.