பெயரும் முகமும் போதா
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவது நம் மரபு. இன்று அம்மரபினின்று சற்றே விலகி, நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட ஓர் இடரைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். பிறர் பெயரையும் பிறர் முகத்தையும் பூண்டு சமூக வலைத்தளங்களில் உலவும் போலிக் கணக்குகளே அவ்விடர்.

ஆள்மாறாட்டம் இன்று பிறந்ததன்று. நாம் குடியேறி வாழும் இப்புனே நகரின் வரலாறே அதற்குச் சான்று. 1761-ஆம் ஆண்டுப் பானிப்பட்டுப் போரில் மராட்டியப் படையை நடத்திச் சென்ற சதாசிவராவ் பாவு களத்திலே மடிந்தார். அவருடைய மனைவி பார்வதிபாய் அச்செய்தியை ஏற்கவில்லை. கைம்மைக் கோலம் பூணாமலே வாழ்ந்தார். பின்னர், 'நானே பாவு' என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தோன்றினான். சிறைப்பட்டிருந்த அவன், 1776-இல் வெளிவந்து, கொங்கணத்துக் கோட்டைகள் பலவற்றைக் கைக்கொள்ளும் அளவுக்கு ஆள் சேர்த்தான். அவ்வாண்டிலேயே பிடிபட்டுக் கொல்லப்பட்டான். இத்தகைய வேடதாரியை மராத்தியர் 'தோத்தயா' என்பர். அவன் பின்னே அத்தனை பேர் சென்றது எதனால்? பாவு உயிரோடிருக்க வேண்டும் என்ற ஆசை பலர் உள்ளத்தில் இருந்தது. நம்ப விரும்பும் மனமே போலிக்கு முதல் துணை.

அன்றைய வேடதாரிக்கு முகச்சாயல் வேண்டும். பேச்சும் நடையும் பழக வேண்டும். பிடிபட்டால் தலை போகும் என்ற அச்சமும் உண்டு. இன்றைய தோத்தயாவுக்கு ஒரு புகைப்படமும் ஒரு பெயரும் போதும். 2019-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 220 கோடிப் போலிக் கணக்குகளை முடக்கியதாக முகநூல் நிறுவனமே அறிவித்தது. அவற்றுள் மிகப் பல, பிறந்த சில நிமிடங்களிலேயே களையப்பட்டவை. வலைக்குத் தப்பிய சிலவே நம்மைத் தேடி வருகின்றன.

அவை எவ்வாறு வருகின்றன? நம் நகரிலேயே நடந்ததைக் காண்போம். தடுப்பூசி உருவாக்குவதில் உலகறிந்த சீரம் நிறுவனம் இங்குதான் உள்ளது. 2022 செப்டம்பரில், அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆதார் பூனாவாலாவின் பெயரில் இயக்குநர் ஒருவருக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. குறிப்பிட்ட சில வங்கிக் கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்புமாறு அது பணித்தது. நிறுவனத்திலிருந்து 1 கோடியே 1 இலட்சம் ரூபாய்க்கு மேல் சென்றது. தலைவர் அப்படியொரு செய்தியே அனுப்பவில்லை என்பது பின்னரே தெரிந்தது. பண்ட் கார்டன் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. படித்தவர்களும் கணக்காளர்களும் நிறைந்த பெருநிறுவனத்துக்கே இந்நிலை எனில், தனித்திருக்கும் முதியவர் ஏமாறினார் என்று நகைப்பது தகுமா?

திகியில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடமொன்றின் இயக்குநராயிருந்த பிரதீப் குருல்கர், 2023 மே மாதம் மகாராட்டிரப் பயங்கரவாத எதிர்ப்புப் படையினரால் கைது செய்யப்பட்டார். 'சாரா தாஸ்குப்தா' என்ற புனைபெயரில், பிரிட்டனில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளராகப் பழகிய பாகிஸ்தான் உளவாளிக்கு அவர் இரகசியங்களைத் தெரிவித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் குற்றவாளியா என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பொறுப்பு. எனினும், கிர்க்கி, தேகு ரோடு, திகி ஆகிய இடங்களின் படைத்துறைத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் தலைமுறையாய் உழைத்து வரும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. முன்பின் அறியாதவரின் நட்பு வேண்டுகோள் இக்குடும்பங்களின் கைப்பேசிக்கும் வரலாம் என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவது வகை, நமக்கு மிகப் பழகியது. உயர் அதிகாரி ஒருவரின் படத்தோடு போலிக் கணக்கு தொடங்குவர். 'என் நண்பர் மத்திய ரிசர்வ் காவல் படையில் அதிகாரி, பணிமாற்றம் வந்துவிட்டது, வீட்டுச் சாமான்களை மலிவாகத் தருகிறார்' என்று செய்தி வரும். முன்பணம் போகும், கட்டிலும் வாராது, பீரோவும் வாராது.

'முகத்தை நேரில் கண்டால் நம்பலாமே' என்பீர்கள். 2023-இல் கோழிக்கோட்டில், பணி ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பழைய அலுவலக நண்பரின் படத்தோடு செய்தி வந்தது. மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றது. காணொளி அழைப்பிலும் நண்பரின் முகமே சில நொடிகள் தோன்றியது. 40,000 ரூபாய் அனுப்பினார். மீண்டும் பணம் கேட்கப்பட்டபோது ஐயுற்று, நண்பரை அவருடைய எண்ணிலேயே அழைத்தார். நண்பருக்கு ஒன்றுமே தெரியாது. அது செயற்கை நுண்ணறிவால் புனைந்த முகம்! பொய்யை உடைத்தது பெரிய கருவியன்று; பழைய எண்ணுக்குச் சென்ற ஓர் அழைப்பே.

இந்நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தலைவருக்குப் பணிதல், நண்பருக்கு உதவுதல், நோயுற்றார்க்கு இரங்குதல் ஆகிய நம் நற்பண்புகளின் வழியாகவே போலி உள்ளே நுழைகின்றது. ஊரைவிட்டு வந்த நமக்கு அப்பண்புகளே கைம்முதல். எவரையும் நம்பேன் என்று கதவடைத்தால், பணம் மிஞ்சும், உறவு மிஞ்சாது. ஆகவே நம்பிக்கையைக் கைவிடுதல் தீர்வாகாது. சோதித்து நம்புதலே தீர்வு. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் அல்லவா?

போலியை அறியும் குறிகள் சிலவற்றைக் கூறுவோம்.

ஏற்கெனவே நண்பராயிருப்பவரிடமிருந்து மீண்டும் நட்பு வேண்டுகோள் வந்தால், அது நகற்கணக்காக இருக்கலாம். கணக்கில் உள்ள படங்கள் யாவும் ஓரிரு நாளில் ஏற்றப்பட்டிருந்தால் ஐயுறுக. இன்ஸ்டாகிராமில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்னும் பகுதி, கணக்கு தொடங்கிய காலத்தைக் காட்டும். நீல நிறக் குறியைக் கண்டும் மயங்க வேண்டா; 2022 நவம்பரில் டுவிட்டரில் அக்குறியைக் கட்டணம் கொடுத்து வாங்கிய ஒருவர், எலை லில்லி என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் 'இன்சுலின் இனி இலவசம்' என்று அறிவித்துவிட்டார்.

மொழி மற்றொரு குறி. 'அத்தை, சௌக்கியமா?' என்று கேட்கும் மருமகன், ஆங்கிலத்தில் 'மேடம்' என்று தொடங்குவானா? அவசரப்படுத்துதல், 'யாரிடமும் சொல்லாதீர்கள்' எனல், பேச அழைத்தால் தட்டிக் கழித்தல், வேறொருவர் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லுதல் ஆகியவை நான்கும் சேர்ந்தால் ஐயமே இல்லை. யு.பி.ஐ. வழியே பணம் செலுத்துகையில் பெறுநர் பெயர் திரையில் தோன்றும். அதைப் படியாமல் இரகசிய எண்ணை அழுத்தற்க.

நம் பெயரிலேயே போலி தோன்றினால் செய்வது என்ன? முதலில் அப்பக்கத்தைத் திரைப்படமாகப் பிடித்து, அதன் இணைய முகவரியையும் குறித்துக்கொள்க. பெயரை அவன் மாற்றலாம். முகவரி தடம் காட்டும். பின்னர், ஆள்மாறாட்டம் என்று அத்தளத்திலேயே முறையிடுக. உற்றார்க்குத் தொலைபேசியில் சொல்லுக. நண்பர் பட்டியலை மறைத்து வைத்தலும், முகநூல் 2020-இல் இந்தியாவில் கொணர்ந்த பூட்டு வசதியைப் பயன்படுத்துதலும் முன்காவல்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு வீட்டிலிருத்தல் ஆகாது. உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கரைவதற்குள் வங்கிகளின் வழியே நிறுத்தி வைக்க அது உதவும். நேரமே இங்குப் பணம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். தேகு ரோடு, திகி வாழ்வோர், தம் பகுதி பிம்ப்ரி சிஞ்ச்வட் காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தது என்பதை அறிந்திருத்தல் நலம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் பிறர் அடையாளத்தைத் திருடுவோர்க்கும், ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவோர்க்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் வரை தண்டமும் விதிக்கின்றன.

இறுதியாக நம் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். நிதி உதவி கோரும் செய்தி எவர் பெயரில் வந்தாலும், பொறுப்பாளர் ஒருவர் அவரோடு நேரிலோ பழைய எண்ணிலோ பேசிய பின்னரே அது சங்கக் குழுவில் பரவட்டும். ஒவ்வொரு குடும்பமும், வெளியார் அறியாத ஒரு குறிச்சொல்லை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். மராத்தியில் புகார் எழுதத் தயங்கும் முதியோர்க்கு இளைஞர்கள் துணை நிற்கட்டும், இழந்தவரை ஏசாதிருக்கட்டும். ஏச்சுக்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர். மறைப்பதாலேயே அடுத்த வீடும் ஏமாறுகின்றது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு மனமாற்றம் வேண்டும். 'நீர்தாமா கேட்டீர்?' என்று ஒருவர் அழைத்துக் கேட்டால், நாம் சினங்கொள்ளலாகாது. 'என்னை ஐயுற்றாரே' என்று வருந்துவது பழைய வழக்கம். 'என் பெயரைக் காத்தாரே' என்று மகிழ்வது இனி நம் வழக்கமாகட்டும். கேட்டவர்க்கும் கேட்கப்பட்டவர்க்கும் அதில் குறைவில்லை. அவ்வழக்கம் நம் குடியிருப்பில் வேரூன்றினால், தோத்தயாக்களுக்கு இங்கு இடமிராது.