சாயத் தொட்டிக்கு எத்தனை டிபார்ட்மெண்ட்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சேலையில் என்ன வேலை என்று முன்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலையில்தான் பத்து வருஷமாக நமக்குச் சோறு.

நொய்யலின் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் பிறகு திறந்தார்கள்.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம்கூட ஆகும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு அப்படியே தண்ணீரோடு எங்களிடம் வரும். ஆர்.ஓ., அப்புறம் எவாப்பரேட்டர். தண்ணீரும் கொஞ்சம் நல்ல உப்பும் திரும்பக் கிடைக்கும். மிஞ்சுகிற கலப்பு உப்பை மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்குவோம். எவாப்பரேட்டருக்கு நீராவிச் செலவைக் குறைப்பதிலேயே ஏழு வருஷம் போனது எனக்கு. தொட்டியில் உப்பையே குறைக்கலாமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அது கெமிஸ்ட்ரிக்காரர் வேலை என்று நினைப்பு. அவரோ, டிசைனர் கேட்ட கறுப்பைக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றிருந்தார். மூட்டை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

போன வருஷம் நம் மாணவர்கள் நால்வரை மகால் பக்கம் ஒரு சுங்குடிச் சாயக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கெமிக்கல் ஒருவர், மெக்கானிக்கல் ஒருவர், பக்கத்துக் கல்லூரியிலிருந்து காமர்ஸ், மனையியல். சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுகிற சௌராஷ்டிர வீடுகளோ குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் போனதும், "அவுரிக்கும் சாயவேருக்கும் திரும்பிவிடலாமே அய்யா" என்றார்கள். பெரியவர் சிரித்தார். "கடுக்கா, படிகாரம்னு போட்டு அலச எத்தனை குடம் தண்ணி தெரியுமா தம்பி? வைகையில எங்க இருக்கு தண்ணி?"

அங்கேதான் வேலை ஆரம்பித்தது. கடைசி அலசல் தண்ணீர் ஏறக்குறையச் சுத்தம். அதை அடுத்த சேலையின் முதல் அலசலுக்கு வைக்கலாம் என்றான் மெக்கானிக்கல் பையன். கெமிக்கல் பெண் டி.டி.எஸ். மீட்டரோடு ஒவ்வொரு டிரம்மாக அளந்தாள். நன்றாகத்தான் போனது. ஒரு நாள் சிவப்புத் தண்ணீர் மாறி, ஒரு சேலையின் வெள்ளைப் புள்ளியெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது! பெரியவரின் சம்சாரம் பல நாள் உட்கார்ந்து கட்டிய முடிச்சுகள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பணம் நான் கொடுத்தேன். நிறத்துக்கு ஒரு டிரம் என்று பிரித்தது மனையியல் மாணவிதான். ஆறு அலசலுக்கும் புதுத் தண்ணீர் பிடித்தவர் இப்போது நான்குக்குப் பிடிக்கிறார். மிச்சப்படும் லாரித் தண்ணீர்க் காசில் முடிச்சுக் கூலியை எவ்வளவு கூட்டலாம் என்று காமர்ஸ் பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒரே வேலைக்கு நால்வரும் நாலு ரிப்போர்ட் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. மார்க் அப்படித்தானாம்! துறைத்தலைவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். கூட்டு ரிப்போர்ட் ஒன்றை ஏற்க முடியுமா என்று இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

நண்பர்களிடம் கேட்பது வேறு. வரும் ஜூனில் இன்னும் மூன்று வீடுகளுக்குப் போகிறோம். எப்படியும் சேலைகள் கெடும். அந்த நஷ்டம் அவர்கள் தலையில் விழக்கூடாது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் சங்கப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.